78 நாளும் அதே 355
உடற்பயிற்சிக் கூட மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

திருச்சி தில்லை நகரில் 22 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். காலையில் உங்களிடம் வியர்வை சிந்துகிறவர்களில் பலர் சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். நீங்களும் நானும் நேரில் பேசிக்கொண்டது குறைவு. ஆனாலும் ஒரே ஆளைத்தான் ஆளுக்கொரு பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஓர் அம்மா வந்தார். வயது 46, எடை 58 கிலோ, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கைப்பையிலிருந்து மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், கலோரி என்று மூன்று கட்டம். ஜிம்மில் ட்ரெட்மில்லை விட்டு இறங்கும்போது திரையில் தெரியும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எழுதிவிடுவாராம்.

“ஞாயிறு லீவு போக 78 நாள் மேடம். ஒரு நாள் விடலை. கூட்டிப் பார்த்தா 27,690. 7,700 எரிச்சா ஒரு கிலோ குறையும்னு சொல்றாங்க. மூணரை கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கணும். முக்கால் கிலோதான் குறைஞ்சிருக்கு. தைராய்டு ரெண்டு தடவை பார்த்தாச்சு, நார்மல். அப்ப என் உடம்புலதான் ஏதோ கோளாறு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. விடியற்காலை நாலேமுக்காலுக்கு எழுந்து, பால் காய்ச்சி வைத்து, வாசல் தெளித்துவிட்டு, இருட்டில் ஸ்கூட்டியில் வந்து போகிற பெண் அவர். அந்த உழைப்புக்கெல்லாம் கிடைத்த பலன், தன் உடம்பு தன்னை ஏமாற்றுகிறது என்கிற நினைப்பு.

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு வரியிலும் 355. டிசம்பரிலும் 355, பிப்ரவரியிலும் 355. ஓரிடத்தில் ஓரமாக ‘விரதம்’ என்று எழுதியிருந்தார், அன்றைக்கும் 355. இன்னோர் இடத்தில் ‘ஜுரம், முடியலை’ என்று இருந்தது. அன்றைக்கும் 355. 78 நாளில் ஒரு மனித உடம்பு ஒரு நாள்கூட 354 எரிக்கவில்லை, 356 எரிக்கவில்லை என்றால், அந்த எண்ணுக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம். மெஷின் எண்ணியது தன்னுடைய பெல்ட்டை.

அடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலை அவரோடு அந்த ஜிம்முக்குப் போனேன். அங்கிருந்த மாஸ்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளை, எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிக்கிறான், யாராவது முதுகை வளைத்து எடை தூக்கினால் ஓடிப்போய் நிறுத்துகிறான். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தான். அந்த அம்மா மெஷின் மேல் ஏறினார், ‘குயிக் ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினார். வேகம் மணிக்கு 5.5 கிலோமீட்டர், இன்க்லைன் 6. பெல்ட் வேகம் பிடித்ததும் முன்னாலிருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, 45 நிமிடம் நடந்தார். பிடி ஒரு நிமிடம்கூடத் தளரவில்லை. இறங்கும்போது திரையில் 355.

அந்த 355 எப்படி வந்தது என்று உங்களோடு சேர்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன். ரகசியம் ஒன்றும் கிடையாது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் வெளியிட்ட நடைச் சூத்திரம் உலகம் முழுக்கப் புழங்குகிறது. சமதளத்தில் ஒரு மீட்டர் நடக்க, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லி லிட்டர் ஆக்சிஜன் செலவாகும். ஏற்றம் இருந்தால் அதற்குத் தனியாக, மீட்டருக்கு 1.8-ஐ ஏற்றத்தின் சதவீதத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். சும்மா இருந்தாலே நிமிடத்துக்கு, கிலோவுக்கு 3.5 மில்லி லிட்டர் ஆகும் என்று அதையும் கூட்டுவார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கிலோ கலோரி. மணிக்கு 5.5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 91.7 மீட்டர். 6 சதவீத ஏற்றம், 45 நிமிடம். எடை என்கிற இடத்தில் 70 கிலோ போடுங்கள். கச்சிதமாக 355 வரும்.

ஆனால் அந்த அம்மாவின் எடை 58. குயிக் ஸ்டார்ட் அழுத்தியதால் எடை கேட்கும் திரை வரவே இல்லை. மெஷின் தன்னிடம் ஏற்கெனவே பதிந்திருந்த 70 கிலோவை எடுத்துக்கொண்டது. 58 போட்டால் அதே நடை 295-க்கு இறங்கிவிடுகிறது. அதிலும் 46 கலோரி, அந்த முக்கால் மணி நேரம் அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரி. உடற்பயிற்சியால் கூடுதலாக எரிந்தது எவ்வளவு என்றுதானே அவர் தெரிந்துகொள்ள விரும்பினார்? அது 249.

இனிமேல்தான் கம்பி. ஏற்றத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால், பெல்ட் சாய்ந்திருக்கிற அளவுக்கு உடம்பும் சாய்ந்துவிடுகிறது. மலை ஏறுகிறவர் முன்னால் குனிந்துதானே ஏறுவார்? பின்னால் சாய்ந்தால் ஏற்றத்தின் வேலை பெருமளவு இல்லாமல் போகிறது. உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கை வழியாகக் கம்பி சுமக்கிறது. இன்க்லைன் 6 என்று திரை சொல்வது பெல்ட்டைப் பற்றி மட்டும். ஏற்றமே இல்லாத சமதளக் கணக்கைப் போட்டால் அவருக்கு வருவது 120. ஆகவே உண்மை 120-க்கும் 249-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்ததைப் பார்த்த எனக்கு, கீழ்ப்பக்கம்தான் என்று தோன்றியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதில் உங்களுக்குப் பங்கில்லை. 355 எரித்துவிட்டோம் என்ற நிம்மதியில், வழியில் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி குடிப்பார். நல்ல கஞ்சிதான், பாலும் வெல்லமும் சேர்த்தது. 30 கிராம் மாவு, 150 மில்லி பால், 15 கிராம் வெல்லம் என்றால் 250 கலோரிக்குக் குறையாது. ‘எரித்ததில் பாதிதானே குடிக்கிறேன்’ என்று நினைத்திருக்கிறார். அவர் கூடுதலாக எரித்ததைவிட அது அதிகம். இதற்கு மேலும் முக்கால் கிலோ குறைந்திருக்கிறது என்றால், அந்த உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. நாள் முழுக்க வேறு எங்கெல்லாமோ அவர் கட்டுப்பாடாக இருந்திருக்கிறார். இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் நல்லாத்தான் இருக்கேனா மேடம்?” என்று கேட்டார்.

தம்பிகளே, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

உடம்பு எரிக்கும் சக்தியை அளப்பது ஒருபோதும் சுலபமான வேலையாக இருந்ததில்லை. 1790 வாக்கில் பாரிஸில் லவாய்சியர் தன் உதவியாளர் செகானின் முகத்தில் மூடி ஒன்றைப் பொருத்தி, அவர் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறார், சாப்பிட்ட பிறகு எவ்வளவு, காலால் பாரத்தை மிதிக்கும்போது எவ்வளவு என்று அளந்தார். அந்தப் பரிசோதனையை லவாய்சியரின் மனைவி மரி-ஆன் படமாக வரைந்து வைத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மேசை முன்னால் குறிப்பெழுதும் பெண் அவரேதான். நூறு வருடம் கழித்து, அமெரிக்காவில் மிடில்டவுன் என்ற ஊரில் வில்பர் அட்வாட்டர் ஓர் ஆள் படுத்து எழுந்து உட்காரும் அளவில் அறை ஒன்றைச் செய்து, ஆட்களை நாள்கணக்கில் உள்ளே வைத்து, அவர்கள் விடும் மூச்சையும் வெளிவரும் வெப்பத்தையும் அளந்தார். உள்ளேயே மிதிக்க ஒரு சைக்கிளும் வைத்திருந்தார்கள். மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நான் தினமும் சொல்கிற கணக்கு அங்கிருந்து வந்தது.

வெளியில் சுதந்திரமாக நடமாடுகிறவர்களை அளக்க இன்றைக்கும் மேலான முறை, இரட்டை அடையாள நீர். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். 1955-இல் நேதன் லிஃப்சன் எலிகளிடம் செய்து காட்டினார். மனிதர்களிடம் அது நடைமுறைக்கு வர 1982 ஆயிற்று. அவ்வளவு செலவு செய்தும் அது சொல்வது ஒன்றிரண்டு வாரத்தின் மொத்தச் செலவைத்தான். இன்று காலை 6 மணியிலிருந்து 6:45 வரை எவ்வளவு என்று அதுவும் பிரித்துச் சொல்லாது. இத்தனை பேர் முகமூடியும் அறையும் கனநீரும் வைத்து அளந்த ஒன்றை, பெல்ட்டின் வேகத்தை மட்டும் அறிந்த ஒரு பெட்டி கடைசி இலக்கம் வரை சொல்கிறதென்றால், சிவப்பு எழுத்தில் ஒளிர்வதாலேயே அதை நம்பிவிடலாமா?

நானே நம்பியிருக்கிறேன். முதல் பத்து வருடம் என் கிளினிக்கில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன்: ஒரு மணி நேரம் நடந்தால் இவ்வளவு, நீந்தினால் இவ்வளவு, வீடு கூட்டித் துடைத்தால் இவ்வளவு என்று. ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பேன். அந்த மாதிரிப் பட்டியல்களுக்கு அடிப்படை மெட் என்னும் அலகு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 1 மெட். அதற்கு எடுத்துக்கொண்ட அளவு நான் மேலே சொன்ன 3.5 மில்லி லிட்டர். சுமார் 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அளவு அது. 2005-இல் ஆய்வாளர்கள் 769 பேரை உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். சராசரி 2.6-தான் வந்தது. அதோடு, நம் நாட்டவரின் அடிப்படைச் செலவு பன்னாட்டுச் சூத்திரங்கள் காட்டுவதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொண்டுதான் ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு இந்தியர்களுக்கான கலோரித் தேவையை வகுத்தது. ஐந்தடிக்குக் குறைவான, 58 கிலோ எடையுள்ள பெண்களுக்கெல்லாம் அந்த 70 கிலோ ஆணின் சட்டையை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். தெரிந்த அன்றைக்கே பட்டியலைக் கிழித்தேன். ஆனால் அதற்கு முன் வாங்கிப்போனவர்களை எங்கே தேடுவது?

‘மெஷின் அப்படித்தான், வாட்ச் கட்டிக்கிட்டா சரியா காட்டும்’ என்று உங்களில் பலர் சொல்வது எனக்குத் தெரியும். நாடியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெருமளவு சரி. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. அதே கருவிகள் கலோரியில் என்ன செய்தன? அவற்றில் மிகச் சரியானது சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதற்குப் பின் கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு பார்ப்பது தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை. அதிலிருந்து துடிப்பு கிடைக்கும். துடிப்பிலிருந்து கலோரிக்குப் போவது ஊகம்.

துடிப்பு எதனாலெல்லாம் கூடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம், கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டால், அதே வேகத்தில் நடக்கிறவருக்கே துடிப்பு ஏறும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதால் ஏறுகிறது. கால் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. ஸ்ட்ராங் காபி, தூக்கம் கெட்ட இரவு, வீட்டில் நடந்த சண்டை, எல்லாமே துடிப்பை ஏற்றும். வாட்ச் அத்தனையையும் உழைப்பாக எழுதிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எனக்குப் பெரிய பயமே அங்கேதான். 61 வயதுப் பெரியவர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். துடிப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. மகன் வாங்கிக் கொடுத்த வாட்சில் அவர் என்ன நடந்தாலும் 90 கலோரி, 100 கலோரி என்றே காட்டியது. கூட நடக்கும் நண்பருக்கு 220. “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார், உங்களுக்கு ஹார்ட் ரேட்டே ஏற மாட்டேங்குது” என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார், அக்கறையோடுதான். ஏற்றினார், மறுபடியும் ஏற்றினார். ஒரு நாள் பெல்ட்டை விட்டு இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு சரிந்தார். பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் தலையில் அடிபடவில்லை. அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவரின் துடிப்பை வைத்து அவர் உழைப்பை எடை போடவே கூடாது. சேரும் படிவத்தில் வயது, எடை, தொலைபேசி எண் எல்லாம் கேட்கிறீர்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அதே படிவத்தில் சர்க்கரை மாத்திரையும் வரட்டும். கிளிமிபிரைடு எடுப்பவர், இன்சுலின் போடுபவர், ‘நேத்து கம்மியா எரிச்சேன், இன்னைக்கு டிபனை விட்டுடறேன்’ என்று வெறும் வயிற்றில் உங்களிடம் வந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழறும் பேச்சு என்று வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுங்கள். வியர்வையைப் பார்த்துக் கொழுப்பு கரைகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. கலோரி எண் வந்த பிறகு பெண்கள் எடை தூக்கும் பக்கம் போக மறுக்கிறார்கள். ட்ரெட்மில்லில் முக்கால் மணி நேரம் போனால் திரை பெரிய எண்ணைக் காட்டுகிறது. டம்பெல்லை வைத்து அரை மணி நேரம் வேலை செய்தால் வாட்ச் சின்ன எண்ணைக் காட்டுகிறது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே ஓய்வெடுப்பதும், கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் ரத்த ஓட்டம் மாறுவதும் வாட்சைக் குழப்புகின்றன. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து ‘இது வேஸ்ட்’ என்று முடிவு கட்டுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் தசையும் எலும்பும் கரையத் தொடங்கும் பெண்ணுக்கு, அந்த அரை மணி நேரம் தருவது எந்தத் திரையிலும் வராது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் முக்கிய இடமே தசைதான். கலோரி எண்ணை வைத்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால், மிகத் தேவையானது முதலில் கழிந்துபோகிறது. என் அம்மாவுக்கு 70 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அதனால் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம் வாசல்களில் ‘ஒரு மணி நேரத்தில் 1,000 கலோரி’ என்று பேனர் பார்க்கிறேன். உங்களில் எவரும் தெரிந்தே பொய் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதனால் ஆக்சிஜனை வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். 1,000 கலோரிக்கு 200 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 60 நிமிடத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு 3.3 லிட்டர். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் கிலோவுக்கு 55 மில்லி லிட்டர். பயிற்சி இல்லாத நடுத்தர வயதினர் பலருக்கு, உயிரைக் கொடுத்து ஓடினாலும் ஓரிரு நிமிடம் எட்டக்கூடிய உச்சமே 30-ஐ ஒட்டித்தான். அவர்கள் 55-இல் ஒரு மணி நேரம் நிற்பது நடக்காத காரியம். நல்ல பயிற்சியுள்ள நெடுந்தூர ஓட்டக்காரர் செய்வார். உங்கள் சுடிதார் போட்ட மாணவி செய்ய மாட்டார். அவர் அந்தப் பேனரை நம்பி, தன்னால் முடியவில்லையே என்று மூன்றாம் மாதம் நின்றுவிடுகிறார்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், எனக்கும் அந்த நெருக்கடி உண்டு. நான் இப்போது சொல்வது இது: சமதளத்தில் நடந்தால் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு அரைக் கலோரி, ஓடினால் ஒரு கலோரி. ஓய்வுச் செலவு கழித்து, கூடுதலாக எரிவது மட்டும். மேலே சொன்ன சூத்திரத்திலிருந்தே இது வந்துவிடும். அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வைத்திருக்கிறதே, அதை 70 கிலோ எடையுள்ளவர் முழுதாக நடந்து முடித்தால் சுமார் 280. ஒன்றரை மணி நேர நடைக்கு அவ்வளவுதானா என்று முகம் சுருங்கும். சுருங்கட்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயே கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்று பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதைக் குறைப்பது சுலபம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உடற்பயிற்சியில் கூடுதலாக எரிப்பதில் ஒரு பங்கை உடம்பு வேறு செலவுகளைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்கிறது. இரட்டை அடையாள நீரில் அளந்த வயது வந்தோரின் தரவுகளை வைத்து 2021-இல் வந்த ஆய்வு, அந்தப் பங்கு சராசரியாக 28 சதவீதம் என்று சொல்கிறது. தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை 2012-இல் ஹெர்மன் போன்ட்சர் குழு அளந்தபோது, அவ்வளவு நடந்தும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், அவர்களது மொத்த நாள் செலவு நகரத்தில் வாழும் அமெரிக்கர்களின் செலவை ஒட்டித்தான் இருந்தது. எனக்கு இது மனதைத் தளர்த்தவில்லை. ஹட்சா மக்களுக்கு இதய நோய் அரிது. அதில் நடைக்கும் பங்கு உண்டு. அந்த நடை எத்தனை கலோரி என்பதில் அந்தப் பலன் அடங்கவில்லை.

உங்களிடம் ஸ்பின் சைக்கிள் இருந்து, அதில் வாட் காட்டும் வசதியும் இருந்தால், ஜிம்மில் ஓரளவு நம்பத் தகுந்தது அது ஒன்றுதான். மிதிக்கும் விசையையே அது அளக்கிறது. மனிதத் தசையின் திறன் கால் பங்கை ஒட்டி இருப்பதால், மிதித்த கிலோ ஜூலும் எரித்த கிலோ கலோரியும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வரும். 100 வாட்டில் அரை மணி என்றால் 180 கிலோ ஜூல். கலோரியும் 180-ஐ ஒட்டி. மற்ற எந்தக் கருவியையும் அதே கருவியோடு, அதே ஆளோடு மட்டும் ஒப்பிடுங்கள். போன மாதம் 5 கிலோமீட்டர் வேகத்தில் 128 துடித்த இதயம், இந்த மாதம் அதே வேகத்தில் 116 துடித்தால், அதைச் சொல்லிக் கைகுலுக்குங்கள். கலோரித் திரை அன்றைக்கும் பழைய எண்ணையே காட்டும், வாட்ச் குறைத்தும் காட்டலாம். இதயம் பலப்பட்டிருக்கிறது என்ற செய்தியைக் குறைந்த எண்ணாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு, அந்தச் செய்தியைச் சொல்லும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அந்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன். மாஸ்டர் தம்பியிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஜிம்மின் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கோபப்படவில்லை. “எங்களுக்கு மெஷின் கொண்டுவந்து மாட்டினவங்க இதெல்லாம் சொல்லவே இல்லை மேடம்” என்றான். மறுநாள் அவனே எடை 58 என்று போட்டான். இன்க்லைன் பூஜ்யம், வேகம் 3.8. கம்பியை விடச் சொன்னான். முதல் இரண்டு நிமிடம் அந்த அம்மா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவை முந்தானையைப் பிடிப்பது போல் காற்றைப் பிடித்தார். பிறகு கை தானாக வீசத் தொடங்கியது. 20 நிமிடத்தில் நெற்றியில் வியர்வை. இறங்கும் முன் திரையைப் பார்த்தார். 57. முகம் விழுந்துவிட்டது.

தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரை மேல் போட்டான். “நாளைக்கும் இதே 20 நிமிஷம்க்கா. அப்புறம் அந்தப் பக்கம் வாங்க, ரெண்டு கிலோ டம்பெல்லிலேருந்து ஆரம்பிக்கலாம்” என்றான்.

நோட்டு இப்போதும் வருகிறது. மூன்றாவது கட்டத்தில் கலோரியை அடித்துவிட்டு, கம்பி பிடிக்காமல் நடந்த நிமிடம் என்று எழுதியிருக்கிறார். நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதுகிறார். மாதம் ஒருமுறை நான் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்து அளந்ததைக் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறோம். நோட்டில் எண்கள் இப்போது ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லை. ஜுரம் வந்த வாரத்தில் நிமிடம் 9.

புதன்கிழமை மாலை 5 மணிக்கு மேல் எனக்கு அவ்வளவு கூட்டம் இருக்காது. உங்கள் ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில்லில் என்ன எடை பதிந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்குச் சாப்பாட்டு யோசனை சொல்லும் அக்கா,
தில்லை நகர், திருச்சி